வாக்குறுதியை வாக்குத்தத்தம் ஆக்காதீர்கள்

எங்கள் சபையின் போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், இந்தத் தேர்தலில் இதே காரியத்தைச் செய்த மற்ற சபைகளின் ஊழியர்களுக்கும்:

தேர்தலுக்கு இரண்டு ஞாயிறு முன்பு, ஆராதனையில் மன்றாட்டு ஜெபம் ஏறெடுக்கும் முறை எனக்கு வந்தது. எங்கள் தொகுதியில் நின்ற எல்லா வேட்பாளர்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். யாரும் குறை சொல்லக் கூடாதே என்று அகர வரிசையில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவருக்கு ஞானத்தைத் தாரும், பொய் பேசாதபடி இவர் நாவைக் காத்துக்கொள்ளும், ஜெயித்தால் ஏழைகளை மறக்கவிடாதேயும் என்று ஜெபித்தேன். முதல் பெயருக்குச் சபை முழுவதும் ஆமென் சொன்னது. மூன்றாவது பெயருக்குப் பாதிக் குரல்தான் வந்தது. ஐந்தாவது பெயருக்கு என் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அந்த வாரமே மூப்பர் ஒருவர் போனில் அழைத்தார். "சிஸ்டர், கொஞ்ச நாளைக்கு நீங்க ஓய்வு எடுத்துக்குங்க" என்றார். எதற்கு ஓய்வு என்று கேட்டேன். "நேரம் சரியில்ல, உங்களுக்கே தெரியும்" என்றார். மறு ஞாயிறு ஜெபப் பட்டியலில் என் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது. அதே ஆராதனையில், நான் அகர வரிசையில் சொன்ன பெயர்களில் ஒருவரை மட்டும் பலிபீடத்துக்கு முன்பு முழங்காலிடச் செய்து, அவர் தலையில் எண்ணெய் பூசி, "கர்த்தர் தெரிந்துகொண்ட பாத்திரம்" என்று அறிவித்தீர்கள். சபைக்கு வரும் சாலையைச் செப்பனிட்டுத் தருவதாக அவர் சொன்னார். கைதட்டினார்கள். ஏசா தன் மூத்தமகன் உரிமையைக் கூழுக்கு விற்றான், நாம் சாலைக்கு.

மத்தேயு 18 சொல்லும் வழியில், முதலில் தனியாக வந்து உங்களிடம் பேசக் கேட்டேன். பிறகு இரண்டு பேரோடு வந்தேன். தேர்தல் முடியட்டும் என்றீர்கள். முடிந்துவிட்டது. மூன்றாவது படி என்ன என்று அந்த அதிகாரமே சொல்கிறது: சபைக்குத் தெரியப்படுத்து. அதனால்தான் இந்த மடல் எல்லாரும் வாசிக்கும்படி வருகிறது.

என் ஜெபத்தில் பிழை எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் எங்கள் பைபிளிலும் உங்கள் பைபிளிலும் ஒன்றுதான். பவுலின் கடைசிக் காலத்தில் ரோமில் அரியணையில் இருந்தவன் நீரோ. அவனுக்காகவே ஜெபிக்கலாம் என்றால், எங்கள் தொகுதியின் ஐந்தாவது வேட்பாளர் எந்தப் பாவம் செய்தார்?

இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். சொற்கள் மேல் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு. தமிழில் 'வாக்கு' என்ற ஒரே வேரிலிருந்து மூன்று காரியங்கள் கிளைக்கின்றன. நாம் பெட்டியில் போடுவது வாக்கு. அதைக் கேட்டு வருகிறவர் தருவது வாக்குறுதி. தேவன் தருவதை நம் வேதாகமம் வாக்குத்தத்தம் என்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சொற்கள். நாக்கு தடுமாறினால் ஒன்று இன்னொன்றாகிவிடும். இந்தத் தேர்தலில் உங்கள் நாக்கு தடுமாறியது. ஒரு வேட்பாளரின் துண்டறிக்கையில் இருந்த ஆறு வாக்குறுதிகளையும் ஏசாயாவின் வசனங்களோடு கோத்துப் பிரசங்கித்தீர்கள். 'நம்பிக்கை' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். சுவரொட்டியில் 'நம்பிக்கை நட்சத்திரம்' என்று இருந்ததை நீங்கள் பிரசங்க பீடத்தில் விடிவெள்ளி நட்சத்திரமாக்கிவிட்டீர்கள். அந்தப் பெயர் வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தில் இயேசு ஒருவருக்கே உரியது என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

போன தேர்தலை நினைத்துப் பாருங்கள். அன்று நீங்கள் எண்ணெய் பூசியவர் ஜெயித்தார். நாம் ஸ்தோத்திர ஆராதனை நடத்தினோம், நானும் பாடினேன். பதவிக்கு வந்த இரண்டாம் வருஷம், வயதானவர்களுக்கான உதவித்தொகையைக் கூட்டுவேன் என்று நம் பீடத்தில் நின்று சொன்ன அதே மனிதர், அந்தப் பேச்சே எழுந்ததில்லை என்பதுபோல் நடந்துகொண்டார். நம் சபையில் அந்தத் தொகையை நம்பியிருக்கிற விதவைகள் இருக்கிறார்கள். பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "சாமுவேல் சவுலுக்கு எண்ணெய் ஊற்றவில்லையா?" என்று கேட்டு இந்த முறையும் அபிஷேகத்துக்கு நியாயம் சொன்னீர்கள். ஊற்றினார், ஐயா. ஆனால் அதே சாமுவேல் 1 சாமுவேல் 15-இல், கட்டளையை மீறி எதிரிகளின் ஆடுகளை வைத்துக்கொண்ட அந்த ராஜாவுக்கு நேரே நின்று, என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்டார். எண்ணெய்க் குப்பியை எடுத்த கை அடுத்த அதிகாரங்களையும் புரட்ட வேண்டாமா?

இந்த முறை நீங்கள் தெரிந்துகொண்டவர் தோற்றார். தோற்பதற்கு மூன்று நாள் முன்பு, இரவு ஜெபத்தில், "கர்த்தர் எனக்குக் காட்டினார், முடிவு எழுதியாகிவிட்டது" என்று ஒரு வெளியூர் ஊழியர் தீர்க்கதரிசனம் சொன்னார். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். முடிவு வந்த பிறகு அடுத்த ஞாயிறு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். "நம்முடைய ஜெபம் போதவில்லை" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்து இன்று வேலைக்குப் போகிற ஒரு தம்பி கேட்டான்: "டீச்சர், உபாகமம் 18 நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? சொன்ன காரியம் நடக்கலைன்னா அது கர்த்தர் சொல்லாத வார்த்தைன்னு. அப்போ அந்த ராத்திரி பேசினது யாரு?" என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவன் அதற்குப் பிறகு வரவில்லை.

எரேமியா 28-ஐ இந்த நாட்களில் பல தடவை வாசித்தேன். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஜனங்களுக்கு முன்பாக, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியா தன் கழுத்தில் போட்டிருந்த நுகத்தைக் கழற்றி உடைத்தும் காட்டுகிறான். இன்றைக்கு என்றால் அந்தக் காட்சி ஒரு மணி நேரத்தில் எல்லார் போனுக்கும் போயிருக்கும். எரேமியாவின் முதல் பதில் என்னை எப்போதும் தொடும்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆசையைத் தீர்க்கதரிசனம் என்று சொல்ல மட்டும் அவர் வாய் வரவில்லை.

நான்கு அதிகாரம் தள்ளிப் போனால், அதே எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரத்தைச் சுற்றிப் பாபிலோன் படை. விழப்போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது தன் ஊரான ஆனதோத்தில் இருக்கிற ஒரு நிலத்தை, எதிரி கையில் இருக்கிற நிலத்தை, 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். நம்பிக்கை என்று நான் அறிந்தது இதைத்தான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் பத்திரத்தை ஒழுங்காக எழுதுவது. அனனியாவின் கூட்டத்தில் கைதட்டல் இருந்தது, நிலம் வாங்க ஒருவரும் வரவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் சபையின் மூத்த விசுவாசிகளில் ஒருவர். எண்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம், உங்களுக்குப் புரியும். தேர்தல் மாதம் முழுவதும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: இவர்கள் வராவிட்டால் எதிர்த்து நிற்கிறவர்கள் சபைக் கதவை மூடுவார்கள், பைபிளைப் பிடுங்குவார்கள், பிள்ளைகளின் பெயரை மாற்றச் சொல்வார்கள். இவற்றில் எந்த ஒன்றுக்காவது ஓர் ஆதாரம் காட்டினீர்களா? எதிர்த்து நின்ற எவராவது அப்படிப் பேசினாரா? கேட்டால், "ஆவியில் உணர்கிறேன்" என்றீர்கள். முடிவு வந்த இரவு அந்த அம்மா தன் பைபிளைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, இரும்புப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் கணவர் கல்யாணத்துக்குக் கொடுத்த பைபிள் அது. ஒரு வாரம் கழித்து நான் போனபோது ஜன்னலைச் சாத்திவிட்டு மெதுவான குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். வெளியே யாரும் எதுவும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், நீங்கள் சொன்ன அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான், காலையும் மாலையும் அவருக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறார்கள்.

உண்மையான அச்சுறுத்தலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. விசுவாசத்துக்காக அடிபடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைக் கடனாக வாங்கி ஓட்டுச் சேகரிப்பது அவர்களுக்கே அவமானம். பயத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தீர்கள். என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

என் கையும் சுத்தமில்லை. போன தேர்தலின்போது இப்படி ஒரு செய்தி என் போனுக்கும் வந்தது. ஒரு வேட்பாளர் சபைகளைப் பற்றி அசிங்கமாகப் பேசியதாக. சரிபார்க்காமல் நாற்பது பேருக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து அது பொய் என்று தெரிந்தது. திருத்தம் அனுப்பினேன்; ஏழெட்டுப் பேர்தான் திறந்து பார்த்தார்கள். என்னோடு வேலை செய்கிற, வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு தோழி அந்த வேட்பாளரின் ஆதரவாளர். "நீயுமா?" என்று மட்டும் கேட்டாள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறவள் நான்.

"அப்படியானால் சபை அரசியலே பேசக் கூடாதா?" என்று மூப்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பேச வேண்டும். இன்னும் அதிகமாகவே பேச வேண்டும் என்பதுதான் என் வாதம். ஐந்து வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் பேசுவதற்குப் பெயர் வேறு. ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது சாமுவேல் என்ன செய்தார்? ராஜா உங்கள் குமாரரை ரதத்துக்கும், குமாரத்திகளைச் சமையலுக்கும் எடுத்துக்கொள்வான், வயலில் நல்லதைப் பறிப்பான், தசமபாகம் வாங்குவான் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொன்னார். அதேபோல நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் மலையுச்சியில் நின்று சொன்ன கதை: ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தங்கள் வேலையை விட்டுவிட்டு ராஜாவாக மாட்டோம் என்கின்றன, முட்செடி மட்டும் உடனே ஒத்துக்கொண்டு, என் நிழலில் வந்து அடையுங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? தேர்தல் காலப் பிரசங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு கட்சியின் பெயரையும் சொல்ல வேண்டியிருக்காது.

சபை எப்படி அரசியல் செய்யலாம் என்பதற்கு நான் நினைப்பது ஃபேனி லூ ஹேமரை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டக் கூலி. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே அவருக்கு 44 வயதில்தான், 1962 ஆகஸ்டில், ரூல்வில் என்ற சிற்றூரில் ஓர் ஆலயத்தில் நடந்த கூட்டத்தில்தான் தெரியவந்தது. யாருக்குப் போடு என்று அந்த ஆலயம் அவருக்குச் சொல்லவில்லை. உனக்கு ஓட்டு இருக்கிறது என்று சொன்னது. அந்த மாத முடிவில் பதினேழு பேரோடு ஒரு பேருந்தில் இந்தியானோலாவுக்குப் பெயர் பதியப் போனார். அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லி, தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியில் பேருந்தைப் போலீஸ் மறித்தபோது, உள்ளே பயந்திருந்தவர்களுக்காக அவர் ஞானப்பாட்டுகள் பாடினார். 18 வருஷம் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். மறுபடியும் எழுதி, மறுபடியும் போய், 1963 ஜனவரியில் தேறினார். பயந்தவர்களுக்கு நடுவே அவர் பாடினார். நாம் நடுங்காதவர்களையும் நடுங்க வைத்தோம்.

இன்னொருவரையும் சொல்லத் தயங்குகிறேன், பெரிய ஒப்பீடாகிவிடும் என்று. நம் நிலைமை அதுவல்ல. ஆனாலும் ஜெர்மனியின் மார்ட்டின் நீமொல்லர் நல்ல போதகர், தேசத்தை நேசித்தவர். 1933-இல் நல்லது நடக்கும் என்ற எண்ணத்தில் ஹிட்லரின் கட்சிக்கே ஓட்டுப் போட்டவர். அதே வருஷம் ஜூலையில் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள் நடந்த தேர்தலில், ஹிட்லர் ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கியது. சபை தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டது. நீமொல்லர் விழித்துக்கொண்டு எதிர்த்தார், 1937-இல் கைதானார், 1945 வரை முகாம்களில் இருந்தார். வெளியே வந்து அந்த அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் மற்றத் தலைவர்களோடு சேர்ந்து சபையின் குற்றத்தை அறிக்கையிட்டார். தவறிய போதகர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தவறினோம் என்று சபைக்கு முன்பு சொன்னவர்கள்தான் குறைவு.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருஷச் சட்டத்தொகுப்பு, 287-ஆவது விதியில், குருக்கள் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நம்மிடம் அப்படி எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இயேசு தெரிந்துகொண்ட பன்னிரண்டு பேரில் மத்தேயு ரோம ஆட்சிக்கு உட்பட்டு வரி வசூலித்தவர். செலோத்தே என்னப்பட்ட சீமோனோ அந்த ஆட்சியை வெறுத்தவர்களின் பெயரைச் சுமந்தவர். இருவரும் ஒரே அப்பத்தைப் பிட்டார்கள். நம் சபையில் இந்த மாதம் திருவிருந்துக்கு வராமல் நின்றுபோன குடும்பங்கள், நான் எண்ணியவரை, ஆறு. மாற்றி ஓட்டுப் போட்டவர்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஓட்டு ரகசியம் என்று சட்டம் சொல்கிறது; நம் வாசலில் அது ரகசியமாக இல்லை.

ஆகவே நான் கேட்பது இவை. அடுத்த ஞாயிறு ஆராதனையில், அந்த இரவு சொல்லப்பட்ட தீர்க்கதரிசனம் பொய்த்தது என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஜெபத்தின் மேல் பழி போட்டதைத் திரும்பப் பெறுங்கள். பிறகு அந்தத் தம்பியை நீங்கள் போய்ப் பாருங்கள், நான் போனால் போதாது. இனி எந்த வேட்பாளரும், எந்தக் கட்சியானாலும், பலிபீடத்தருகே நிறுத்தப்பட மாட்டார், ஒலிவாங்கி அவர் கையில் தரப்பட மாட்டாது என்று மூப்பர் குழு தீர்மானம் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அவர்கள் வரலாம், எல்லாரையும்போல் பெஞ்சில் உட்காரலாம். அந்தச் சாலை வாக்குறுதியை நாம் ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்; சாலை வேண்டுமென்றால் தெருவில் குடியிருக்கும் எல்லாரோடும் சேர்ந்து மனுப் போடுவோம், நானும் கையெழுத்திடுகிறேன். ஜெயித்து வந்திருப்பவரிடம் விதவைகளின் உதவித்தொகையைப் பற்றிக் கேட்க ஒரு நாள் குறியுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அவர் நமக்குப் பிடிக்காதவர் என்பதால் கேட்காமல் இருக்கவும், பிடித்தவர் வந்த பிறகு மறக்கவும் கூடாது. வராமல் நின்ற ஆறு குடும்பங்களின் வீட்டுக்கும் மூப்பர்கள் போகட்டும், ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல். என்னைப் பட்டியலில் திரும்பச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம்; அந்த இடத்தில் யார் நின்றாலும் எல்லாப் பெயரையும் சொல்லி ஜெபிக்க அவருக்கு இடம் கொடுங்கள்.

இவற்றில் எதைத் தள்ளிப்போட்டாலும் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி நான் மூன்று முறை கேட்டுவிட்டேன். "ஐயா வந்து சொல்லட்டும்" என்கிறார். நீங்கள் சொல்லித்தான் பூட்டினார். சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை